ஆறாவது கழி

நவம்பர் 9

வந்து சேர்ந்துவிட்டேன். மூடிக் கிடக்கும் ஒரு ஐஸ் பாக்டரியின் மாடியில் அறை. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் ஒரு பல்லி, கிழக்கே பார்த்த ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பழவேற்காடு ஏரி. பார்க்கக் கடல் மாதிரி இருக்கிறது, இறங்கினால் பெரும்பாலான இடங்களில் இடுப்பளவுகூட ஆழமில்லை. எனக்கு இதுதான் வேண்டும். ஆழமில்லாத ஏரியில் காற்று வைத்ததுதான் சட்டம்.

பஸ் ஏற்றிவிட வந்த கணவர் சிவப்பிரகாசம், "மங்கை, காத்தைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடாதே, நம்ம ஜன்னல் தாங்காது" என்றார். இருபத்தொரு வருடமாக இதே கிண்டல். ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போனால் பொழுதுபோக்கு. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நாற்பத்தாறு வயதுக்காரி புயலைத் துரத்திக்கொண்டு போனால் கிறுக்கு. இருக்கட்டும். கிறுக்கியின் 'காற்று வழி' சேனலை முப்பத்தோராயிரம் பேர் பார்க்கிறார்கள்.

நோக்கத்தை எழுதி வைக்கிறேன். ஏரிக்கரையில் நூறு கிலோமீட்டர் வேகக் காற்றை என் கருவியில் பிடிக்க வேண்டும். அந்தக் காற்று எழுப்பும் அலையின் உயரத்தையும் அளக்க வேண்டும். பதினோரு வருடமாகக் கரை கரையாக ஓடியிருக்கிறேன், என் அதிகபட்சம் 83. நான் கடலூரில் நின்றால் புயல் நெல்லூருக்குப் போகும், நான் நெல்லூர் போனால் அது நாகையில் இறங்கும்.

நவம்பர் 11

கழி நட்டாயிற்று. ஆறு மூங்கில் கழிகள், அடிக்கு ஒரு சிவப்புக் கோடு. கரையிலிருந்து ஏரிக்குள் ஒரே நேர்கோட்டில், நூற்றைம்பது, நூற்றெழுபது மீட்டருக்கு ஒன்று. ஆறாவது கழி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உள்ளே.

நட்டுக் கொடுத்தவள் கன்னியம்மா. பாக்டரிச் சாவியை வைத்திருக்கும் மீனவர் தேசிங்கு அழைத்து வந்தார். இருளர் பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும். வலை கிடையாது, படகு கிடையாது. கழுத்தளவு தண்ணீரில் குந்தி நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிற கூட்டம். பிடித்ததைப் போட ஓலைப் பறி. கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். பல்லில் கயிறு இல்லாத நேரத்தில் கன்னியம்மாவின் வாய் ஓயாது.

"பந்தக்கால் நடுறியாம்மா? யாருக்குக் கல்யாணம்?"

"காற்றுக்கு" என்றேன்.

"பொண்ணு யாரு, நீயா?" என்று சிரித்தாள்.

மூன்றாவது கழி நட்டதும் நின்றுவிட்டாள். அதற்கு மேல் 'பாடு'. அதாவது மீனவர்கள் ஊர்கூடி முறை வைத்து, இன்ன நாள் இன்னார் என்று பிரித்துக்கொண்ட நல்ல மீன் தளம். இருளர்கள் அங்கே கை வைக்கக் கூடாது. தேசிங்கு கூடவே வந்ததால்தான் மீதி மூன்று கழிகளை நட முடிந்தது. எப்போதுமே கூடாதா என்று அவரைக் கேட்டேன்.

"தண்ணி கீற வரைக்கும்தாம்மா பாடு. மேல்காத்து பலமா அடிச்சா ஏரி அப்பிடியே கெழக்கால ஒதுங்கிடும், இந்தப் பக்கம் வெறும் சேறு. சேத்துல யாரு வோணா நடக்கலாம், யாரு வோணா எடுக்கலாம். எங்க தாத்தன் காலத்துலேந்து அப்பிடித்தான்."

"வருசத்துக்கு ஒருவாட்டி, ரெண்டுவாட்டி" என்றாள் கன்னியம்மா. "நண்டு இம்மாம் பெருசு." கையை முழங்கை வரை காட்டினாள். பொய். ஆனால் சொல்லும்போது அவள் கண் அந்தத் தளத்தை விட்டு நகரவில்லை.

நவம்பர் 14

வெயில். காற்று 11. துணி துவைத்தேன். பல்லிக்கும் எனக்கும் பேச ஒன்றுமில்லை.

நவம்பர் 17

சிறிய காற்றழுத்தத் தாழ்வுதான், புயல் இல்லை. ஆனாலும் இன்றைய நாள் என்னுடையது.

அதிகாலையில் வடமேற்கிலிருந்து 46 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்துக்கொண்டது. எட்டு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் ஏரியைக் காணோம். நான்காவது கழி வரை சேறு பளபளத்துக்கொண்டிருந்தது. அதற்கப்பால் எங்கேயோ தண்ணீர் ஒரு கோடாகத் தெரிந்தது. காற்று ஒரு ஏரியைத் தள்ளி வைத்திருக்கிறது. எத்தனை புத்தகத்தில் படித்தாலும் கண்ணால் பார்ப்பது வேறுதான்.

கீழே கரையில் ஏழு பெண்கள் பறியோடு நின்றார்கள். கன்னியம்மா மாடியைப் பார்த்துக் கத்தினாள். "யம்மா, காத்து எந்நேரம் வரிக்கும் நிக்கும்?"

இறங்கிப் போகலாம், ஆனால் காற்று விட்டால் தண்ணீர் திரும்பி வரும். அந்தச் சேற்றில் ஓட முடியாது. காலைத் தூக்கினால் புதையும், தேய்த்துத் தேய்த்துத்தான் நடக்க வேண்டும். வழக்கமாக அவர்கள் மூன்றாவது கழிக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்து, காற்று கொஞ்சம் தளர்ந்ததும் எடுத்ததை எடுத்துக்கொண்டு கரையேறிவிடுவார்களாம்.

நான் அழுத்தமானியைப் பார்த்தேன், வரைபடத்தைப் பார்த்தேன், கணக்குப் போட்டேன். என் கணக்கில் பன்னிரண்டரை. கணக்கில் வருவதிலிருந்து ஒரு மணி நேரம் குறைத்துச் சொல்வது என் வழக்கம், பாதுகாப்புக்கு. "பதினொன்றரை வரைக்கும் பயமில்லை" என்று கத்தினேன்.

போனார்கள். நாலாவது கழி தாண்டிப் போனார்கள். பதினொன்றரைக்குச் சரியாகத் திரும்பி வந்தார்கள், ஒவ்வொரு பறியும் நிறைந்து வழிந்தது. காற்று தளர்ந்தது பன்னிரண்டு இருபதுக்கு. பத்து நிமிடப் பிழை! முப்பத்தோராயிரம் பேருக்கும் அந்தப் பத்து நிமிடத்தைச் சொன்னேன்.

சாயங்காலம் கன்னியம்மா ஆறு பெரிய நண்டுகளைக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளுடைய ஓரகத்தி குப்பம்மா என்னைத் தொட்டுப் பார்த்தாள். "காத்தம்மா சொன்னா சொன்னதுதான்" என்றாளாம் ஊரில். காத்தம்மா! எனக்குக் கூச்சமாக இருந்தது என்று எழுதினால் பொய். தலைகால் புரியவில்லை.

நவம்பர் 23

கல்லூரியிலிருந்து விடுப்பு நீட்டிப்பு வந்துவிட்டது. சிவப்பிரகாசம் போனில், "சாம்பார் பொடி எங்கே?" என்றார். மேல்தட்டு, இடது பக்கம். வேறு பேச்சில்லை.

நவம்பர் 29

அந்தமானுக்குப் பக்கத்தில் ஒன்று சுழல ஆரம்பித்திருக்கிறது.

டிசம்பர் 1

புயல் ஆகிவிட்டது. வட தமிழகத்துக்கும் தென் ஆந்திராவுக்கும் நடுவில் கரை ஏறும் என்கிறது அரசு அறிக்கை. நடுவில் என்றால் இங்கேதான். ராத்திரி சோறு இறங்கவில்லை. இங்கே வரட்டும், இங்கேயே வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஐந்நூறு குடிசை இருக்கிற கரையில் உட்கார்ந்துகொண்டு இப்படி வேண்டிக்கொள்கிற பெண் நல்லவள் இல்லை. தெரிகிறது. ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

டிசம்பர் 2

காலையிலிருந்து ஆட்டோவில் ஒலிபெருக்கி. யாரும் ஏரிக்குள் இறங்கக் கூடாது, குடிசைகளைக் காலி செய்ய வேண்டும். வருவாய் ஆய்வாளர் அருளப்பன் வீடு வீடாக வந்தார். இருளர் குடியிருப்பு முழுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. என்னையும் போகச் சொன்னார். இது காங்கிரீட் கட்டடம், நான் ஆராய்ச்சி செய்கிறேன் என்றேன். "ஆராய்ச்சியா?" என்று மேலும் கீழும் பார்த்துவிட்டு என் போன் நம்பரை எழுதிக்கொண்டார்.

மதியம் தேசிங்கின் படகில் போய் ஆறாவது கழியின் உச்சியில் கேமராப் பெட்டியைக் கட்டினேன். தண்ணீர் புகாத பெட்டி, நாளை காலை எட்டு மணிக்குத் தானாக ஆரம்பித்துப் பத்து மணி நேரம் ஓடும். அலை வருவதை முகத்துக்கு நேராகப் படம் எடுக்கும். இப்படி ஒரு படத்தை இந்த ஏரியில் யாரும் எடுத்ததில்லை.

அரசு அறிக்கை, நாளை நண்பகலை ஒட்டிக் கரை கடக்கும் என்கிறது. எனக்கு அப்படிப் படவில்லை. புயல் வேகம் குறைந்துவிட்டது. என் கணக்கில் மாலை ஐந்து மணி.

டிசம்பர் 3, காலை 7.10

வடமேற்குக் காற்று 68. அழுத்தம் 996, இறங்கிக்கொண்டிருக்கிறது. மழை பக்கவாட்டில் வருகிறது. ஏரி ஆறாவது கழிக்கும் அப்பால் போய்விட்டது. இத்தனை தூரம் ஒதுங்கிப் பார்த்ததே இல்லை என்கிறாள் கன்னியம்மா.

ஆம், வந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்துப் பின்சுவர் ஏறிக் குதித்து, குப்பம்மாவும் வேறு நாலு பெண்களும். மாடிப்படியில் நனைந்துபோய் நிற்கிறார்கள். முழுப் பாடும் சேறாகக் கிடக்கிறது. எந்நேரம் வரைக்கும் என்று கேட்கிறாள்.

வழக்கம்போல ஒரு மணி நேரம் குறைத்துச் சொன்னேன்.

காலை 8.30

74. போய்விட்டார்கள். கேமராப் பெட்டி காற்றில் திரும்பிப் போயிருப்பது பைனாகுலரில் தெரிகிறது. பரவாயில்லை, பார்க்கலாம்.

காலை 9.45

86! என் சாதனை உடைந்தது.

காலை 10.50

97. ஐயோ, இன்னும் மூன்றுதான். அழுத்தம் 987. ஜன்னல் சட்டம் ஒன்று பறந்துவிட்டது.

காலை 11.18

88. குறைகிறது. ஏன்?

காலை 11.27

12. நம்ப முடியவில்லை. மழை நின்றுவிட்டது. மேலே வெள்ளை வட்டம். கண்! புயலின் கண்ணுக்குள் நிற்கிறேன்! 

காலை 11.34

6 கிலோமீட்டர். அழுத்தம் 984, அசையவில்லை. ஒரு பறவை பாக்டரிக் கூரையில் உட்கார்ந்திருக்கிறது, அதைப் படம் எடுத்தேன். வானத்தை எடுத்தேன். என் குரல் நடுங்குகிறது, அதுவும் பதிவாகட்டும். இதற்காகத்தான் பதினோரு வருடம்.

காலை 11.44

பெண்கள்

டிசம்பர் 4

நேற்று நடந்ததை எழுத வேண்டும்.

கண் வந்துவிட்டது என்று தெரிந்தவுடனே ஓடினேன். கரை மேட்டில் ஏறிக் கத்தினேன். காற்று இல்லாததால் குரல் நன்றாகவே போனது. சோற்றுக் குண்டானைக் கரண்டியால் தட்டினேன். மூன்றாவது, நான்காவது கழிக்குப் பக்கத்தில் இருந்த ஐந்து பேரும் நிமிர்ந்தார்கள். குப்பம்மாதான் முதலில் புரிந்துகொண்டாள். பறியைப் போட்டுவிட்டுத் தேய்த்துக்கொண்டே வர ஆரம்பித்தார்கள்.

கன்னியம்மா ஐந்தாவது கழியைத் தாண்டி இருந்தாள். கையைத் தூக்கினாள். வருகிறேன் என்றா, பொறு என்றா, தெரியவில்லை.

தண்ணீர் அலையாக வரவில்லை. கிழக்கே ஒரு சாம்பல் கோடு இருந்தது, பிறகு கோடு தடித்தது. சத்தமே இல்லை. முதலில் சேற்றுப் பள்ளங்கள் நிறைந்தன, பிறகு பள்ளங்கள் ஒன்று சேர்ந்தன. குப்பம்மா கரையேறும்போது அவளுக்கு முழங்காலுக்கு மேல் இருந்தது. அப்போது தெற்கிலிருந்து காற்று வந்தது. அது காற்றில்லை, சுவர். ஏரி முழுவதும் எழுந்து எங்களைப் பார்த்து நடந்து வந்தது.

நான் இறங்கினேன். இரண்டாவது கழி வரைகூடப் போகவில்லை, தொடை வரை சேற்றில் புதைந்துவிட்டேன். நடக்கத் தெரியாமல் காலைத் தூக்கியிருக்கிறேன். ஒரு அலை தலைக்கு மேல் போனது. குப்பம்மா என் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். "நீ வேற எங்கடி போற!" என்று கத்தினாள். கரையில் போட்டுக் கன்னத்தில் ஒன்று வைத்தாள். நான் மூச்சு விட ஆரம்பித்த பிறகும் இன்னொன்று வைத்தாள்.

பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கடைசியாகப் பார்த்தேன். ஆறாவது கழியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை வந்து மூடிவிட்டது. அரை மணி கழித்து மழை கொஞ்சம் விட்டபோது கழியும் இல்லை, அவளும் இல்லை.

அவள் நண்டுக்குப் போனாள். வருடம் முழுக்க அவளை உள்ளே விடாத பாடு அது, யார் சொன்னாலும் போயிருப்பாள். கேமரா அந்தப் பக்கம் இருந்தது என்பது தற்செயல்.

நான் இரண்டு மணிக்குள் திரும்பிவிடச் சொல்லியிருந்தேன்.

டிசம்பர் 4, மாலை

சிவப்பிரகாசத்தோடு பேச இப்போதுதான் சிக்னல் கிடைத்தது. எல்லாம் சொன்னேன். "நீ என்ன நேரம் சொன்னே மங்கை?" என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன். பிறகு, "நான் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் என்னை இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் உடைந்திருப்பேன்.

சேனலில் நாலாயிரம் செய்திகள். கண்ணைப் பார்த்தீர்களா, படம் எப்போது போடுவீர்கள்.

டிசம்பர் 5

தூக்கமில்லை. விடியும் வரை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தென்கிழக்குக் காற்று, மணிக்கு இவ்வளவு, நீரோட்டம் இவ்வளவு, ஒரு ஆள் மிதந்தால் எவ்வளவு தூரம் போவாள். வரைபடத்தில் வடக்கே எட்டு, ஒன்பது கிலோமீட்டரில் ஒரு வட்டம் வந்தது. அங்கே சீமைக்கருவேலம் மண்டிய திட்டுகள் இருக்கின்றன. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போய் யாரிடம் காட்டுவது? என் வாயிலிருந்து இன்னொரு எண் வர வேண்டுமா? ஐந்து மணிக்கே கணக்கை முடித்தவள் ஆறு மணிக்குத்தான் படியிறங்கினேன்.

தேசிங்கு படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். குப்பம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கே போறீங்க?"

"வடக்க" என்றார் தேசிங்கு.

வரைபடத்தை நீட்டினேன். எட்டிப் பார்த்தார். "தென்காத்து அடிச்சா தண்ணி வடக்கதாம்மா போவும். இதுக்கு இன்னா கணக்கு? நேத்தே போயிருப்பேன், அலை விடல."

என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். குப்பம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். தேசிங்கு, "எடம் பத்தாது" என்றார். படகில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம்.

கரையோரமாகவே நடந்தேன். கரை உடைந்த இடத்தில் தண்ணீரில் இறங்கி, முள்ளில் கிழித்துக்கொண்டு, வடக்கே, படகு தெரிகிற வரை ஓடினேன். பதினோரு வருடம் காற்றைத் துரத்திக்கொண்டு கரையில் ஓடியிருக்கிறேன். ஒரு தடவைகூட ஒரு ஆளைத் தேடி ஓடியதில்லை. கன்னியம்மா கன்னியம்மா என்று கத்தினேன். செத்த ஆடுகள் ஒதுங்கிக் கிடந்தன. ஒரு நீலச் சேலை கிடந்தது, போய்ப் புரட்டினேன், வெறும் சேலை. உட்கார்ந்து அழுதேன். உடம்பு கிடைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் உயிரோடு இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

மதியம் ஒரு மணிக்குப் படகு திரும்பி வந்தது. தேசிங்கு நின்றுகொண்டு துண்டைச் சுழற்றினார்.

உயிரோடு இருக்கிறாள்.

டிசம்பர் 6

கருவேல முள்ளுக்குள் சிக்கிக் கிடந்திருக்கிறாள், இரண்டு நாள், ஒரு திட்டில். மழைத் தண்ணீர் குடித்திருக்கிறாள். வலது கை முழங்கைக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்து, முள் ஏறி வீங்கிவிட்டது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். கையை எடுக்க வேண்டுமா என்று நாளை சொல்வார்களாம்.

அறையைப் பெருக்கினேன். காற்றுமானியைக் கழற்றித் துடைத்தேன், மறுபடி துடைத்தேன்.

டிசம்பர் 7

கை தப்பியது. விரல் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். சேற்றுக்குள் கையை விட்டு, விரல் நுனியால் இறாலைக் கண்டுபிடிக்கிற கை.

டிசம்பர் 8

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு, உறவுக்காரி மாதிரி. குப்பம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள்.

கன்னியம்மா பாதியாகியிருந்தாள். முகமெல்லாம் முள் கீறல். கட்டுப் போட்ட கை ஒரு தலையணை மேல் கிடந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னா காத்தம்மா, பொண்ணு மாப்ள சண்டையில என்னப் போட்டு மிதிச்சிட்டீங்க" என்றாள்.

நான் பேச ஆரம்பிப்பதற்குள் வருவாய் ஆய்வாளர் வந்துவிட்டார். புயலில் அடிபட்டவர்களை ஒவ்வொருவராக விசாரித்து எழுதிக்கொண்டு வருகிறார். எச்சரிக்கை கொடுத்தும் ஏன் ஏரிக்குள் போனாய் என்று கேட்டார்.

"நண்டுக்குப் போனேன் சார்."

"யாராச்சும் போகச் சொன்னாங்களா?"

கன்னியம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "யாரு சொல்லுவாங்க. நானாத்தான் போனேன்."

அவர் எழுதினார். வரி வரியாக எழுதும் சத்தம் எனக்குக் கேட்டது. தடையை மீறி, தன்னிச்சையாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த பாக்டரி மாடியில இருந்தவங்கதானே? பார்த்தீங்களா?" பார்த்தேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

நான் ஆரஞ்சை உரித்தேன். ஒரு சுளையை அவள் வாயில் வைத்தேன். மென்றுகொண்டே சொன்னாள்.

"ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே. காத்து நின்னா ஓடணும். அது எங்க ஜனத்துல நடக்கத் தெரிஞ்ச கொயந்தைக்கும் தெரியும். அன்னிக்குக் காத்து நின்னுச்சி. ஒடனே எங்காலு கரைக்குத் திரும்பிடிச்சி. நெசமாத்தான் சொல்றேன், பத்தடி வந்துட்டேன். அப்புறம் நின்னு ரோசன பண்ணேன். காத்தம்மா சொன்ன நேரம் இன்னும் ஆவலியே, அது சொன்னா தப்பாதேன்னு. திரும்பி ஒம் பொட்டிகிட்ட போனேன். நீ சொல்லாட்டி ஓடியாந்திருப்பேன்ல?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"ஓடி வந்திருப்பே" என்றேன்.

"அதான்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆரஞ்சை வைத்துவிட்டு எழுந்தேன். அடுத்த வார்டில் ஆய்வாளர் இல்லை. படியில் இறங்கி ஓடினேன். வாசலில் ஜீப்பில் ஏறப் போனவரைப் பிடித்தேன். "சார், கன்னியம்மா சொன்னதை அடிச்சிட்டு எழுதுங்க. அவ தானாப் போகலை" என்றேன். அவர் மறுபடி உள்ளே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார், பேனாவைத் திறந்தார்.

சொன்னேன். எந்நேரம் வரைக்கும் என்று அவர்கள் என்னிடம் கேட்டார்கள். அரசு அறிக்கை நண்பகல் என்று சொல்லியிருந்தது எனக்குத் தெரியும், அதை அவர்களிடம் சொல்லவில்லை. மூன்றாவது கழியோடு நின்றிருக்கக்கூடியவளை, போகிற வழியில் என் கேமராவையும் கொஞ்சம் திருப்பி வைத்துவிடு என்று ஆறாவது கழிக்கு அனுப்பினேன். போகிற வழி இல்லை அது. காற்று நின்ற பிறகு பதினேழு நிமிடம் வானத்தையும் ஒரு பறவையையும் படம் எடுத்துக்கொண்டிருந்தேன், அதற்கப்புறம்தான் அவர்கள் ஞாபகம் வந்தது. அந்தச் சேற்றில் ஆறாவது கழியிலிருந்து கரைக்கு வர இருபது நிமிடம் ஆகும்.

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதையெல்லாம் எழுதினா உங்களுக்குத்தாம்மா சிக்கல்."

"எழுதுங்க சார்."

"அவங்க கேட்டப்ப என்ன நேரம் சொன்னீங்க? சரியாச் சொல்லுங்க, அதுதான் முக்கியம்."

வார்டு ஜன்னல் வழியாகக் குப்பம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்தக் காலையில் மாடிப்படியில் நின்றவள்தான். இந்த நோட்டில் இரண்டு என்று எழுதினேன், சிவப்பிரகாசத்திடம் பன்னிரண்டு என்றேன்.

"நாலு மணி" என்றேன்.